அப்பா முன்கூட்டியே போட்ட ஒரே பாதை

அப்பா போட்ட தோட்டம் எதிலும் திறப்பு விழா அன்று பாதை இருக்காது. மரம் இருக்கும், புல் இருக்கும், நிழலில் உட்கார இடம் இருக்கும். வாசலிலிருந்து உள்ளே போக வழி மட்டும் இருக்காது. "ஒரு மழைக்காலம் போகட்டும். ஜனங்க நடக்கட்டும். எங்க நடக்குறாங்கன்னு பாத்துட்டு அப்புறம் கல்லு போடலாம்" என்பார். கேட்டவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்கு அப்படித்தான் செய்தார். திறப்பு விழாவுக்கு அதன் முதலாளி ஊரையே கூட்டியிருந்தார். முந்தின நாள் நல்ல மழை. பட்டுப்புடவைகளும் வெள்ளை வேட்டிகளும் ஈரப் புல்லில் சறுக்கிச் சறுக்கி நடந்தன. முதலாளி அப்பாவை ஓரமாக இழுத்துப்போய் வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்பா தன் இடது பக்கத்தை அவருக்குக் காட்டியபடி, பணிவாகத் தலையாட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்துக் காது சுத்தமாகக் கேட்காது என்பது பாவம், அந்த மனிதருக்குத் தெரியாது. நான் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். தை பிறந்ததும் புல்லில் விழுந்திருந்த தடங்களின் மேலேயே அப்பா கல் பதித்தார். அதற்கப்புறம் அங்கே யாரும் புல்லை மிதிக்கவில்லை. அதே முதலாளி அடுத்த விடுதிக்கும் அப்பாவைத்தான் கூப்பிட்டார்.

காது போனது ராணுவத்தில். படிப்பு முடித்த கையோடு பொறியாளர் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தவர். மேற்கு எல்லையில் கண்ணிவெடி அகற்றும் வேலை. ஒரு வெடி, செயலிழந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த பிறகு வெடித்தது. அவருக்குக் காதோடு போயிற்று. பக்கத்தில் இருந்தவருக்கு அப்படி இல்லை. அதைப் பற்றி அப்பா அதிகம் பேசமாட்டார். ஒன்றை மட்டும் சொல்வார்: "அங்க முன்னாடி ஒருத்தன் நடந்து, உசுரோட திரும்பி வந்த தடம்தான் பாதை. மத்ததெல்லாம் சும்மா மண்ணு."

ராணுவத்தை விட்டு வந்து, நான் பிறந்த பிறகு, தன்னைவிடச் சின்னப் பையன்களோடு வகுப்பில் உட்கார்ந்து நிலவடிவமைப்பு படித்தார். அந்தத் தொழிலை ஊருக்கு விளங்கவைப்பது பெரும்பாடு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். அம்மா பெருமையாக, "லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்" என்றாள். அவர்கள் முழித்தார்கள். "தோட்டம் போடுறவர்" என்று அம்மா இறங்கி வந்தாள். "ஓ, தோட்டக்காரரா?" என்றார் என் வருங்கால மாமனார். அப்பா வாய்விட்டுச் சிரித்து, "ஆமாங்க, மிலிட்டரியில இருந்த தோட்டக்காரன்" என்றார். சம்பந்தம் முடிந்தது அந்தச் சிரிப்பில்தான் என்று என் கணவர் இன்றைக்கும் சொல்வார்.

அன்று அவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக்குள் சமையலறை வழியாகத்தான் வந்தார்கள். செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் அப்பா கட்டிய வீடு அது. அதிலும் அவர் முதலில் பாதை போடவில்லை. நாங்கள் எல்லோரும் தண்ணீர்க் குழாய்ப் பக்கமாகச் சுற்றிப் பின்கட்டு வழியாகவே வந்துபோனோம். தடம் அங்கே விழுந்தது, கல்லும் அங்கேதான் பதிந்தது. முன்வாசல் கதவு பொங்கலுக்கும் தீபாவளிக்கும் திறந்தது. அம்மா இருந்தவரை இதற்காக அவரைத் திட்டாத நாளில்லை. அவள் திட்ட ஆரம்பித்ததும் அப்பா மெல்ல நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வார், இடது காது அவள் பக்கம் வருகிற மாதிரி.

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அம்மாவைக் கொண்டு பிறந்திருக்கிறேன். அப்பாவோடு நான் போட்ட சண்டைகளை எழுதினால் இந்தப் பக்கங்கள் போதாது. ஆனால் ஒரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. அது என் மகள்.

அவள் குறை மாதத்தில் பிறந்தாள். கால்கள் சொன்னபடி கேட்காது. கைகளில் நல்ல பலம், வாயில் அதைவிட. கல்யாணத்துக்குப் பிறகும் நாங்கள் அப்பா வீட்டில்தான் இருந்தோம். அவளுக்குச் சக்கர நாற்காலி வந்த வாரமே, அப்பா ரம்பத்தை எடுத்து எங்கள் முன்வாசலின் நிலைப்படியை அறுத்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த படி. சித்தப்பா, அப்பாவின் தம்பி, பதறிப்போய் ஓடிவந்தார். "அண்ணா, வாசப்படிய யாராச்சும் அறுப்பாங்களா? மகாலட்சுமி எங்க உக்காருவா?" அப்பா மரத்தூளைத் தட்டிவிட்டுக்கொண்டே, "அவ ஏற்கெனவே உள்ள வந்து சேர்ல உக்காந்துட்டா. நீ சும்மா இரு" என்றார். அதிலிருந்து முன்வாசல் தினமும் திறந்தது. மஞ்சளை இரண்டு பக்க நிலைக்கும் பூசினோம். மகாலட்சுமி ஒன்றும் கோபித்துக்கொண்டு போகவில்லை.

தாத்தாவும் பேத்தியும் அடித்த கூத்து கொஞ்ச நஞ்சமல்ல. எப்போதும் அவருடைய வலது பக்கம்தான் அவள் நாற்காலி நிற்கும். எனக்குத் தெரியாமல் பள்ளியில் கற்றுவந்த கெட்ட வார்த்தையைச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்றால் இடது பக்கம் வருவாள். அவர் உதட்டைப் படித்துவிடுவார் என்பது அவளுக்கு ரொம்ப நாள் தெரியாது. மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போனது, தமிழ்ப் பாடம் சொல்லிக்கொடுத்தது, தலை பின்னிவிட்டது எல்லாம் அவர்தான். பின்னலில் மட்டும் அவர் கெட்டிக்காரர் இல்லை. ஒரு பக்கம் எப்போதும் கோணல்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் திருக்கழுக்குன்றம் வழியாக எல்லோரும் கடலுக்குக் கிளம்பிவிடுவோம். அவள் குழந்தையாக இருந்தவரை ஒரு பிரச்சினையும் இல்லை. அவள் அப்பாவோ தாத்தாவோ தூக்கிக்கொண்டுபோய் அலையில் நிறுத்துவார்கள். அவளுக்குப் பதினொரு வயது ஆனபோது ஒரு நாள், "என்னை யாரும் தூக்க வேணாம்" என்றாள். நான் ஏதோ வீம்பு என்று நினைத்தேன். இல்லை. கடற்கரையில் அத்தனை பேர் பார்க்க, பாவாடை விலகுமோ என்று இறுக்கிப் பிடித்தபடி, மூட்டை போலத் தூக்கப்படுவது அவளுக்குப் போதும் என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நாங்கள் கடலுக்குப் போவோம், அவள் கரையில் புன்னை மரத்தடியில் இருப்பாள். நாங்கள் நனைந்து வருவோம், அவள் காய்ந்தபடி எங்களைப் பார்ப்பாள். அவளுக்குக் கடல் பிடிக்கும். எனக்கு நெஞ்சு வெந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் எல்லோர் மேலும் கோபப்பட்டேன்.

அந்தப் பழைய புன்னை மரம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் இருந்தது. ஊருக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த வெறும் மணலைப் பூங்காவாக ஆக்கித் தரும்படி ஊர்த் தலைவர் அப்பாவைக் கேட்டிருந்தார். நாட்டார் என்று கூப்பிடுவார்கள் அவரை. அப்பாவுக்கு அப்போது எழுபது தாண்டிவிட்டது. இதுதான் கடைசி வேலை என்றார். அந்த மரத்தைச் சுற்றி இன்னும் பூவரசும் புன்னையும் நட்டார். மணலைப் பிடித்துவைக்கும் அடப்பங்கொடியை ஒருவரும் பிடுங்கக்கூடாது என்று கட்டளை போட்டார். வழக்கம்போலப் பாதை போடாமல் விட்டார். "இன்னா மிலிட்டரி ஐயா, பார்க்குன்ன, வழியே காணோம்" என்று நாட்டார் கேட்டதற்கு, "உங்க ஜனங்க போட்டுத் தருவாங்க, பாத்துகினே இரு" என்றார்.

போட்டுத் தந்தார்கள். மழைக்காலம் முடிந்து நாங்கள் போனபோது கொடிகளுக்கு நடுவே தடங்கள் தெளிவாகத் தெரிந்தன. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. பேத்தியை, சாலையிலிருந்து புன்னை மரத்தடிவரை ஏற்கெனவே இருந்த சிமெண்ட் மேடையின் விளிம்புவரை தள்ளிக்கொண்டுபோய்க் கையை நீட்டி நீட்டிக் காட்டினார். "அதோ பாரு, அது வலை தூக்கிகினு போறவங்க தடம். இது மீன் கூடைக்காரம்மா வர்றது. அங்க வளைஞ்சு போவுது பாரு, அது கோயிலுக்குப் போய்ட்டு அப்படியே கடலுக்குப் போறவங்க. ஒரு ஊரு எப்படி வாழுதுன்னு தரையில எழுதி இருக்குது."

அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். பிறகு கேட்டாள். "என்னுது எங்க தாத்தா?"

"உன்னுதா? உன்னத்தான் நாங்க தூக்கிகினு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

"அதான்" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. கணக்கில் விடை சரிபார்ப்பது போலச் சொன்னாள்.

திரும்பி வரும்போது காரில் அப்பா பேத்தியின் மடக்கிய நாற்காலியையே பார்த்துக்கொண்டு வந்தார். வழக்கமாக வழியில் உள்ள மரம் செடி எல்லாவற்றுக்கும் ஜாதகம் சொல்லிக்கொண்டு வருபவர். வீட்டுக்கு வந்து நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அடுப்பங்கரையில் வந்து நின்றார். "நடக்கறவன் தடம்தாம்மா விழும். போவ முடியாதவளுக்குத் தடம் எப்படி விழும்? இவ்ளோ வருஷத்துல எத்தினி தோட்டம் போட்டேன். ஒரு வாட்டி கூட எனக்கு இது தோணல பாரு" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து எனக்குத் தோசை தீய்ந்தது.

மறுநாளே வேலையை ஆரம்பித்தார். எதிரே இருந்தது மணல். கல் பதித்தால் கடல் தின்றுவிடும். கரையில் நிரந்தரமாக எதையும் கட்டவும் கூடாது. முதலில் தென்னை நார்ப் பாயை விரித்தார். மகள் ஆசையாகச் சக்கரத்தை உருட்டினாள். பாதி தூரம் போனாள். சரிவில் பாய் நழுவி, ஒரு சக்கரம் மணலில் புதைந்து, நாற்காலியோடு முகம் குப்புற விழுந்தாள்.

நான் ஓடிப்போய் அவளைத் தூக்கி உட்காரவைத்தேன். பிறகு அப்பா பக்கம் திரும்பினேன். ஊரே பார்க்கிறது என்றுகூட நினைக்கவில்லை. "உங்க பரிசோதனைக்கு என் பொண்ணுதான் கெடச்சாளா? கையோ கழுத்தோ முறிஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? உங்க பிடிவாதம் போதும்!" என்று கத்தினேன். அப்போது அவர் ஒன்று செய்தார். மெல்லத் திரும்பி, வலது காதை எனக்குக் காட்டி நின்றார். முழுவதையும் கேட்டுக்கொண்டார். அதற்குமேல் என்னால் கத்த முடியவில்லை.

என் மகள் வாயிலிருந்த மணலைத் துப்பினாள். "பாதி தூரம் வந்துட்டேன்மா. நானே வந்தேன். நீ பாத்தியா?" என்றாள்.

அடுத்த யோசனை ராணுவத்திலிருந்து வந்தது. சேற்றிலும் மணலிலும் வண்டிகள் போக அங்கே பலகைகளைக் கோத்து விரிப்பார்களாம். போனதும் சுருட்டி எடுத்துக்கொள்வார்களாம். கட்டடம் கட்டுகிற இடங்களில் தளம் போட்டபின் கழித்துப்போட்ட சென்ட்ரிங் பலகைகளை அப்பா வாங்கிவந்தார். ஒரே அளவில் வெட்டி, குறுக்குவாட்டில் நெருக்கமாக அடுக்கி, நைலான் கயிற்றால் கோர்த்தார். அந்த வேலையில் குப்பத்தார் கைகொடுத்தார்கள். முடிச்சு போடுவதில் அப்பாவின் ராணுவ முடிச்சு உசத்தியா, நாட்டாரின் வலை முடிச்சு உசத்தியா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. கடைசியில் ஒரு முனையில் அது, மறு முனையில் இது என்று சமாதானமானது.

பலகையை எந்தப் பக்கமாக விரிப்பது என்பதுதான் அடுத்த கேள்வி. நேராக இறக்கினால் சரிவு அதிகம். அப்பா பேத்தியின் நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தார். கால் இரண்டையும் ஒரு துண்டால் கட்டிக்கொண்டு, இப்படி உருட்டிப் பார்த்தார், அப்படி உருட்டிப் பார்த்தார். மூச்சு வாங்கியது. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். "இன்னா மிலிட்டரி, இந்த வயசுல லைசென்ஸ் எடுக்கப் போறியா?" என்றார் நாட்டார். "ஆமாய்யா, எட்டு போட்டுக் காட்டட்டுமா?" என்றார் அப்பா. சிரிப்பில் கரை அதிர்ந்தது. ஆனால் அவர் எங்கே திணறினார், எங்கே சக்கரம் தானாக ஓடியது என்று நாட்டாரே குச்சி நட்டுக்கொண்டு வந்ததை நான் பார்த்தேன். பலகைப் பாதை நேராகப் போகாமல், ஒரு பக்கம் சாய்ந்து, திரும்பி, மறு பக்கம் சாய்ந்து, ஈர மணலில் போய் முடிந்தது.

அன்று அவள் புன்னை மரத்தடியிலிருந்து கிளம்பினாள். யாரும் தொடக்கூடாது என்று அப்பாவின் உத்தரவு. என் கைகள் தாமாக முன்னால் நீண்டன. என் கணவர் அவற்றைப் பிடித்துக்கொண்டார். முதல் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கினாள். இரண்டாவது திருப்பத்தில் நிற்கவே இல்லை. அப்பா பக்கவாட்டில் மணலில் ஓட்டமும் நடையுமாகப் போனார். கடைசிப் பலகை முடிந்து ஈர மணலில் சக்கரம் இறங்கியதும், ராணுவக் குரலில் "பிரேக்! பிரேக்கப் போடு!" என்று அலறினார். அவள் பிரேக் போட்டாள். அலை வந்து அவள் பாதத்தை, பிறகு முழங்காலை நனைத்தது. அவள் கத்திய கத்தலில் காக்கைகள் பறந்தன. குப்பமே கைதட்டியது. அப்பா முழுக்கால் சட்டையோடு தண்ணீரில் நின்று அவளோடு சேர்ந்து கத்தினார். நான் அழுதேன், சிரித்தேன், பிறகு நாற்காலியில் உப்பு பிடிக்குமே என்று கவலைப்பட்டேன். அன்று சாயங்காலம் அதை நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவியே என் இடுப்பு ஒடிந்தது.

அதன் பிறகு நடந்ததுதான் அப்பா எதிர்பார்க்காதது. ஐஸ் பெட்டி தள்ளுகிறவர்கள் பலகைமேல் தள்ள ஆரம்பித்தார்கள். மூட்டு வலிக்காரப் பாட்டிகள் கடலைப் பார்க்க வந்தார்கள். மீன் கூடைக்காரம்மா தன் பழைய தடத்தை விட்டுவிட்டுப் பலகைக்கு மாறினார். பூங்காவில் அப்பா கண்டுபிடித்த தடங்களில் பாதி அடப்பங்கொடியால் மூடிப்போயின. "பாப்பாவுக்குன்னு போட்ட. இப்போ ஊரே அதுலதான் போவுது" என்றார் நாட்டார். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். "என் ஜென்மத்துல முன்கூட்டியே போட்ட ஒரே பாதை. ஒருத்தனும் வெளிய கால வெக்கல பாத்தியா!" பிறகு பழைய விடுதிகளுக்கெல்லாம் தானே போய், கூலி வாங்காமல் சாய்தளம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். திறப்பு விழாவில் திட்டிய முதலாளி இந்த முறை காபி வாங்கிக் கொடுத்தாராம்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் கடல் பொங்கும் முன் குப்பத்தார் பலகையைச் சுருட்டி வலைக் கொட்டகையில் வைப்பார்கள். தை பிறந்து கடல் அடங்கியதும் விரிப்பார்கள். அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது.

அப்பா ஒரு கார்த்திகை மதியம் போனார். சாப்பிட்டுவிட்டு, பேத்திக்குப் பின்னல் போட்டுவிட்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்றவர் எழுந்திருக்கவில்லை. அவளுக்கு அப்போது பதினான்கு வயது. அந்தக் கோணல் பின்னலை அவள் அவிழ்க்கவே விடவில்லை.

என் கணவர் கொள்ளி வைத்தார். அஸ்தியை அந்தக் குப்பத்துக் கடலில்தான் கரைக்கவேண்டும் என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. நாட்டாருக்கும் சொல்லி அனுப்பினோம். சித்தப்பாதான் சொன்னார், "கடல் கொந்தளிப்பா கீது. பலகையும் எடுத்துட்டிருப்பாங்க. பாப்பா கார்லயே இருக்கட்டும். ஆம்பளைங்க போய்க் கரைச்சிட்டு வந்துடறோம்." என் மகள் கலயத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "தாத்தாவ நான்தான் கொண்டுபோவேன். என்ன யாரும் தூக்கவும் கூடாது" என்றாள். இரண்டும் எப்படி நடக்கும்? காரில் வழி நெடுக அவள் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

குப்பத்தில் காரை விட்டு இறங்கினோம். தூறல் நின்று வெயில் லேசாக வந்திருந்தது. புன்னை மரத்தடியிலிருந்து கடல்வரை பலகை விரித்திருந்தது. சாய்ந்து, திரும்பி, சாய்ந்து, அதே பாதை. இரண்டு பக்கமும் ஆட்கள் வரிசையாகக் குந்தி, காற்றில் பலகை எழும்பாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கரையிலிருந்து ஒரு படகும் கடலில் இறங்கவில்லை. நாட்டார் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டபடி வந்தார். அவளிடம் குனிந்து, "வா கண்ணு, போலாம்" என்றார்.

அவள் முன்னால் போனாள். மடியில் அப்பா. சித்தப்பா உட்பட நாங்கள் எல்லோரும் அவள் பின்னால் போனோம், ஒருவர் பின் ஒருவராக, அவள் சக்கரம் போன வழியில். ஈர மணலில் இறங்கியதும், சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, பிரேக் போட்டாள். கலயத்தைத் தானே சாய்த்தாள். என் கணவர் பக்கத்தில் நின்று மந்திரம் சொன்னார். எனக்கு அழுகை வந்தது உண்மை. ஆனால் துக்கத்தைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது. அதை மறைக்க எனக்கு ஆசையில்லை.

மேலே வந்து சேர்ந்ததும் நாட்டார் கேட்டார். "பலகைய சுருட்டிடலாமா பாப்பா? காத்து ஏறுது."

"இருங்க, இன்னொரு வாட்டி போய்ட்டு வரேன்" என்றாள்.

நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தனியாக இறங்கினாள். இந்த முறை யாரும் பின்னால் போகவில்லை. நாங்கள் எல்லோரும் புன்னை மரத்தடியில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.